மருந்துக்குப் புழு பழகிவிட்டதா?

கேள்வி: எட்டயபுரம் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறேன். 34 வெள்ளாடு இருக்கிறது, பெரும்பாலும் கன்னி இன ஆடு. நான்கு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்று விடாமல் எல்லா ஆட்டுக்கும் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து ஊற்றி வருகிறேன். ஆரம்பத்தில் நல்ல பலன் தெரிந்தது. போன கார்த்திகை மழைக்குப் பிறகு தாடை வீங்கி ஐந்து ஆடு செத்துவிட்டது. மருந்து ஊற்றிய இரண்டு வாரத்துக்குள் செத்ததுதான் எனக்குப் புரியவில்லை. கழிச்சல்கூட இல்லை. புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். புழு எப்படிப் பழகும்? இதைவிட வலுவான மருந்து எது?

பதில்: வணக்கம் ஐயா. ஐந்து உருப்படி என்பது சின்ன நட்டமில்லை. மருந்து விஷயத்தில் ஒரு குறையும் வைக்காத உங்களுக்கு இது நடந்திருப்பது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் மருந்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்பாமல் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கழிச்சல் இல்லாமல், தாடைக்குக் கீழே நீர் கோத்து, மழை முடிந்த கையோடு ஆடு சாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழுவை. செத்த ஆட்டின் நான்காவது இரைப்பையை வெட்டி விரித்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நூல் கனத்தில், ஏறக்குறைய ஓர் அங்குல நீளத்தில் கிடக்கும். பெண் புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், இரத்தம் நிறைந்த குடல் சிவப்பாகவும் முட்டை நிறைந்த கருப்பை வெள்ளையாகவும் கயிறு முறுக்கியதுபோல ஒன்றை ஒன்று சுற்றியிருக்கும். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி அளவுக்கு இரத்தத்தை இழக்க வைக்கும். கேட்கச் சொற்பம்தான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் நாளைக்கு 50 மில்லி போய்விடும். இருபது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக ஓடுவதே ஒன்றரை லிட்டர் இரத்தம்தான். இரத்தத்தோடு புரதமும் போவதால் நீர் கசிந்து தாடையில் தேங்குகிறது.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். "பழகிவிட்டது" என்ற சொல்தான் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. காரத்துக்கு நாக்கு பழகுவதுபோல எந்தப் புழுவும் மருந்துக்குப் பழகுவதில்லை. மருந்து கொல்லக்கூடிய புழு அன்றைக்கும் சாகும், நாளைக்கும் சாகும். உங்கள் பட்டியில் மாறியது புழுவின் குணமில்லை, எந்தப் புழுவின் வாரிசுகள் இருக்கின்றன என்பதுதான்.

ஹீமாங்கஸ் பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். இத்தனை கோடி முட்டைகளில் மரபுச் செய்தி ஒவ்வொரு முறையும் அச்சுப்பிசகாமல் பிரதியாகாது. அங்கங்கே ஓர் எழுத்து மாறிவிடும். அல்பெண்டசோல் புழுவின் உடலில் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது இரை எடுக்க முடியாமல் பட்டினியில் சாகும்படி செய்கிறது. அந்தப் புரதத்தின் மரபுச் செய்தியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், மருந்து ஒட்டாது. இப்படி மாறிய புழு நீங்கள் முதல் பாட்டில் வாங்குவதற்கு முன்பே ஒன்றிரண்டு உங்கள் ஆடுகளின் வயிற்றில் இருந்திருக்கும். மருந்து அதை உண்டாக்கவில்லை. மருந்து இல்லாத காலத்தில் அந்த மாற்றத்தால் அதற்கு லாபமும் இருக்கவில்லை.

ஒரு கணக்குக்கு ஆயிரம் புழுவில் இரண்டு அப்படிப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஊற்றுகிறீர்கள். 998 செத்துவிடுகிறது, ஆடு தெளிந்துவிடுகிறது. மீதி இரண்டும் ஒன்றோடொன்று கூடி முட்டை போடுகின்றன. குட்டிப் புழுவாக ஆட்டின் வாய்க்குள் போனது வளர்ந்து முட்டை போடச் சுமார் மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் உங்கள் ஆடுகள் போடும் புழுக்கையில் விழும் முட்டையெல்லாம் அந்த இரண்டின் முட்டைதான். இப்படி வருடத்துக்கு ஆறு முறை, நான்கு வருடம். விதைநெல்லுக்கு நல்ல கதிராகப் பொறுக்குவதுபோல, நாமே மருந்துக்குச் சாகாத புழுவைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம். இதைத்தான் அறிவியலில் இயற்கைத் தேர்வு என்கிறார்கள். 1859-இல் டார்வின் இதை விளக்க எடுத்துக்கொண்டபோது காட்டு விலங்குகளிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அவருடைய முதல் அத்தியாயமே புறா வளர்ப்பவரும் ஆடு மாடு வளர்ப்பவரும் எதை இனவிருத்திக்கு விடுகிறார்கள், எதைக் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். ஆகவே இந்தப் பாடம் உங்களுக்கு அந்நியமானதில்லை.

உங்கள் பட்டியில் மட்டும் நடந்த விஷயமும் இல்லை இது. அல்பெண்டசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் விற்பனைக்கு வந்தது. 1964-இலேயே அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் இருப்பதாக எழுதிவிட்டார்கள். 1981-இல் வந்த வேறு குடும்பத்து மருந்தான ஐவர்மெக்டினும் பத்து வருடம் முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. "எல்லா ஆட்டுக்கும் ஊற்று, ஊற்றிய கையோடு புது மேய்ச்சலுக்கு மாற்று" என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குப் பாடமே அப்படித்தான் இருந்தது. தப்பிய புழுவை மட்டும் சுத்தமான நிலத்தில் கொண்டுபோய் விதைக்கும் வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது.

மருந்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புழுவுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டுமே மாறியிருந்தால்தான் அல்பெண்டசோலை முழுதாகத் தாங்கும். ஒன்று மட்டும் மாறிய அரைகுறைப் புழு சரியான அளவில் ஊற்றினால் பெரும்பாலும் செத்துவிடும், அளவு குறைந்தால் பிழைத்துக்கொள்ளும். ஆட்டைக் கண்ணால் பார்த்து "பதினைந்து கிலோ இருக்கும்" என்று ஊற்றுவதும், பாட்டிலில் செம்மறிக்குப் போட்டிருக்கும் அளவை வெள்ளாட்டுக்கு ஊற்றுவதும் இந்த அரைகுறைப் புழுக்களைக் காப்பாற்றி விடுகிறது. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் செம்மறியைவிடச் சீக்கிரம் கழித்துவிடும், அதனால் அளவு கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதை எடை போட்டுப் பார்த்துவிட்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். லெவாமிசோல் என்ற வேறொரு புழு மருந்துக்கு இதே கணக்கை நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், அது கொஞ்சம் கூடினாலும் ஆட்டுக்கே ஆபத்து.

அப்புறம், இனிமேல் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கும் மனசு கேட்காது, கொஞ்சம் புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதா என்பார்கள். ஆமாம், வேண்டுமென்றேதான். மருந்து படாத ஆட்டின் புழுக்கையில் மருந்துக்குச் சாகும் சாதாரணப் புழுவின் முட்டையும் தரையில் விழும். அதிலிருந்து வரும் புழுவோடு சாகாத புழு கூடினால் பிறப்பது அந்த அரைகுறைப் புழு. அது சரியான அளவு மருந்தில் சாகும். சாதாரணப் புழு நிலத்தில் இருப்பதுதான் உங்கள் மருந்துக்கு ஆயுள்.

நீங்கள் சில வருடங்களுக்கு முன்பு பி.டி. பருத்தி, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பருத்தி, போட்டிருந்தால் விதைப் பையோடு 120 கிராம் சின்னப் பொட்டலம் ஒன்று வந்திருக்கும், பி.டி. இல்லாத பருத்தி விதை. வயலைச் சுற்றி அதை ஐந்து வரிசை போடச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். பெரும்பாலானவர்கள் போடவில்லை. 2002-இல் வந்த பி.டி. பருத்தியை முதலில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தொடவில்லை. 2015 வாக்கில் குஜராத்தில் இரண்டு மரபணு சேர்த்த ரகத்தின் காய்க்குள்ளேயே உயிரோடு உட்கார்ந்திருந்தது.

யாருக்கு ஊற்றுவது, யாரை விடுவது என்பதைக் கண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். 1990-களில் தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஃபமாச்சா என்று ஐந்து நிறம் போட்ட ஓர் அட்டை செய்தார்கள். காலை வெயிலில் ஆட்டைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்துங்கள். மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, இன்னொரு விரலால் கீழ் இமையை இறக்கினால் உள்சவ்வு பிதுங்கி வரும். விழியின் வெள்ளையைப் பார்க்கக் கூடாது, அந்தச் சவ்வைத்தான் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பாகவோ சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிறியோ காகித வெள்ளையாகவோ இருந்தால் அன்றைக்கே மருந்து. நடுத்தரமாக, வெறும் இளஞ்சிவப்பாக இருந்தால் ஆட்டின் நிலைமையைப் பாருங்கள்: மெலிந்த ஆடு, குட்டி ஈன்ற ஆடு, மூன்று நான்கு மாதக் குட்டி என்றால் ஊற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு மந்தையில் பெரும்பங்கு புழு ஐந்தில் ஒன்று ஆட்டின் வயிற்றில்தான் இருக்கும், 34-இல் ஏழெட்டு. உண்ணி, ஈரல் தட்டைப்புழு இவற்றாலும் கண் வெளிறும் என்பதை மனதில் வையுங்கள்.

கோடையில் எல்லாவற்றுக்கும் ஊற்றும் பழக்கத்தை அறவே விடுங்கள். சித்திரை வெயிலில் கரிசலில் விழுந்த குட்டிப் புழு பொசுங்கிவிடும். அப்போது புழு உயிரோடு இருப்பது ஆட்டின் வயிற்றில் மட்டும்தான். அந்த நேரத்தில் 34-க்கும் ஊற்றினால், அடுத்த மழைக்கு நிலத்தில் முளைப்பது சாகாத புழு மட்டுமாகவே இருக்கும்.

மேய்ச்சலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளாடு எப்போதுமே எக்கி மேயும் சாதி. முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்து வேலமரத்துக் காயையும் இலையையும் இழுக்கிற ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். ஹீமாங்கஸ் குட்டிப் புழு ஈரத்தோடு புல்லில் பெரும்பாலும் ஒரு சாண்கூட ஏறாது. ஆயிரக்கணக்கான தலைமுறைகளாகத் தலைக்கு மேல் மேய்ந்த ஆட்டுக்கு இந்தப் புழுவோடு அதிகம் மோத வேண்டிய தேவை வரவில்லை, அதனால் உடம்பில் எதிர்ப்பும் செம்மறி அளவுக்கு உருவாகவில்லை. நாம் வேலியடைத்துப் புல்தரையில் விட்டதும் மாட்டிக்கொண்டது. அகத்தி, சூபாபுல், கொடுக்காப்புளி, வேல் எது கிடைத்தாலும் தழையைக் கட்டாகக் கட்டி ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். மழைநாளில் பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள்.

எதிர்ப்புள்ள இனங்களும் இப்படித்தான் உருவாயின. வங்காளத்துச் சுந்தரவனச் சேற்றில் மேயும் கரோல் செம்மறியும், கென்யாவின் சிவப்பு மசாய் செம்மறியும் ஹீமாங்கஸை மற்ற இனங்களைவிட நன்றாகத் தாங்கும். அந்த ஈரத்தில் தாங்காதவை செத்துத் தாங்கியவை குட்டி போட்டு வந்த வழி அது. நீங்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டாம், ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டுக்கும் காது எண் போட்டு, யாருக்கு எப்போது மருந்து ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு மழைக்காலம் போனால் எந்தத் தாய் மருந்தே கேட்காமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதன் கிடாக்குட்டி கொழுகொழுவென்று இருப்பதால் நல்ல விலைக்குச் சந்தைக்குப் போய்விடுகிறது, அதுதான் நம் ஊரில் நடக்கும் தவறு. அதைப் பொலிகிடாவாக நிறுத்துங்கள். வருடத்துக்கு மூன்று முறை மருந்து கேட்கும் ஆட்டின் குட்டியை விற்றுவிடுங்கள்.

வலுவான மருந்து எது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எந்தப் பெயரையும் சொல்லப் போவதில்லை. அல்பெண்டசோல் உங்கள் பட்டியில் எவ்வளவு தூரம் தோற்றிருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஃபென்பெண்டசோல் என்று வேறு பெயரில் வாங்கினால் அதுவும் அதே குடும்பம், பலன் இருக்காது. ஐவர்மெக்டின், லெவாமிசோல், குளோசாண்டல் ஆகியவை வேறு வேறு குடும்பம். இவற்றில் எது என்பதைச் சோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோலே கூடாது என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள்.

சோதனை எளிதுதான். கண் வெளிறிய பத்து ஆட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஆசனவாயிலிருந்தே நேரடியாக ஐந்தாறு புழுக்கை எடுங்கள், தரையில் கிடப்பது வேண்டாம். எண் எழுதிய தனித்தனி பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு எடைக்குச் சரியான அளவில், நாக்கின் பின்பக்கம் போய் விழும்படி மருந்தை ஊற்றி, பதினான்காம் நாள் அதே பத்து ஆட்டின் புழுக்கையை மறுபடி எடுங்கள். முட்டை எண்ணிக்கை முதல் தடவையைவிட 95 சதவீதமாவது குறையாமல் இருந்தால் அந்த மருந்துக்குச் சாகாத புழு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். ஐப்பசி பிறப்பதற்குள் முதல் தடவை எடுத்துவிடுங்கள். இரண்டு முடிவும் கைக்கு வந்ததும் ஆட்டின் எடையோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள், எந்த மருந்து, எந்த ஆட்டுக்கு என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.