ஊர்நாய்க்கு வரும், நடுவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும்

கேள்வி: “கிளிநொச்சியில் இருக்கிறேன். நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டிகளைக் காணொளிகளில் பார்த்தேன். வீட்டில் நிற்கும் ஊர்நாயை அப்படிப் பழக்கலாமா, அல்லது வெளிநாட்டு இன நாய்தான் வாங்க வேண்டுமா?”

பழக்கலாம். காசைக் கொட்டி நாய் வாங்காதீர்கள். “ஊர்நாய்க்கு இதெல்லாம் வருமா?” என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள். வட்டக்கச்சியில் என் வளவிலேயே கறுப்பி என்ற ஊர்நாயைப் பழக்கி, சனம் பார்க்கப் போட்டியில் ஓடவிட்டவள் என்ற உரிமையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு 1978இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் தொடங்கியது. குதிரைகளின் தடைதாண்டலைப் பார்த்து, நிகழ்ச்சிகளுக்கு நடுவே சனத்தை மகிழ்விக்கச் செய்தார்கள். இன்று பிரித்தானியாவில் கலப்பின நாய்களும் பதிவுசெய்து ஓடுகின்றன. நாய் இனங்களைப் பதியும் அமெரிக்கக் கென்னல் கழகம் 2010 முதல் அவற்றை அனுமதிக்கிறது. விளையாட்டை உண்டாக்கியவர்களே இனம் கேட்காதபோது, பரந்தனிலும் மாங்குளத்திலும் இருக்கும் நாம் எதற்குக் கேட்க வேண்டும்?

என் தம்பியின் மகள் பேர்மிங்காமில் இருக்கிறாள். கோலி இனம் கலந்த ஒரு நாயோடு அங்கே போட்டிகளுக்குப் போகிறவள். ஓர் ஆவணி விடுமுறைக்கு வந்தபோது தடைகளின் அளவுகளையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதித் தந்துவிட்டுப் போனாள். அதை வைத்துத்தான் செய்தோம். தாண்டும் தடிகளுக்கும் வளைந்து ஓடும் கம்புகளுக்கும் எஸ்லோன் (பிவிசி) பைப். சுரங்கத்துக்கு வளைத்த பைப்பின் மேல் பழைய தறப்பாள். கூரைபோல ஏறி இறங்கும் பலகைக்கு, வழுக்காமலிருக்க ஈரப் பெயின்ட்டின் மேல் மணல் தூவினோம். சீசோ நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலையில் கழித்துப் போட்டது.

தாண்டுவதைப் படிப்பிக்கவே தேவையில்லை. வேலி பாயாத ஊர்நாய் எங்கே இருக்கிறது? கடினமானது, இறங்கும் இடத்தில் கால் வைப்பது. ஏறி இறங்கும் பலகைகளின் அடிப்பகுதி வேறு நிறத்தில் இருக்கும். கூரைப் பலகையில் அது ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதல். நாய் அந்த இடத்தில் ஒரு காலாவது வைத்து இறங்க வேண்டும். மேலிருந்து பாய்ந்தால் தோளும் முன்னங்காலும் கெட்டுவிடும் என்பதற்காகவே அந்த விதி. பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் நிலத்திலும் இருக்க நிற்கப் பழக்குங்கள். நின்றவுடன் அதே இடத்தில், மூக்குக்குக் கீழே, அவித்த ஈரல் துண்டு. கையை உயர்த்திக் கொடுத்தால் நாய் நிமிர்ந்து பாய்ந்துவிடும். கறுப்பி இதைப் பிடிக்க ஒரு சோழகக் காலம் முழுவதும் எடுத்தாள்.

வளைந்து ஓடும் கம்புகள் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிற்கும், போட்டியில் 12 வரை. முதற்கம்பு நாயின் இடது தோள் பக்கம் வர நுழைய வேண்டும். முதலில் கம்புகளை இரண்டு வரிசையாக விலக்கி நட்டு நடுவால் ஓடவிடுங்கள். பிறகு கிழமைக்குக் கிழமை வரிசைகளை நெருக்குங்கள்.

இன்னொன்று. கத்தாதீர்கள். ஓடும் நாய் உங்கள் வாயைப் பார்ப்பதில்லை, தோளையும் காலையும்தான் பார்க்கிறது. நீங்கள் திரும்பினால் அது திரும்பும். போட்டியில் நாயைத் தொட முடியாது, தீனி காட்ட முடியாது. தடைகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதும் அன்றுதான் தெரியும். நாயில்லாமல் ஒருமுறை நடந்து பார்க்க விடுவார்கள், அவ்வளவுதான். அடிக்கத் தடி ஓங்கிப் பழக்கிய நாய் அது இல்லாத இடத்தில் உங்களை நம்பி ஓடாது.

இனிப் போட்டி. எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகம் ஒன்று சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில், கயிறிழுத்தலுக்கும் முட்டி உடைத்தலுக்கும் நடுவே இதைச் சேர்க்க ஒத்துக்கொண்டது. விதிகளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தடி விழுந்தால் 5 பிழைப்புள்ளி. நிறப் பகுதியை மிதிக்காவிட்டால் 5. மூன்று முறை தடையை மறுத்தால் வெளியே. பிழைப்புள்ளி குறைந்த நாய்க்கே வெற்றி, அது சமமானால்தான் நேரம் பார்க்கப்படும். நடுவர் பிழைக்கு விரித்த கையையும் மறுப்புக்கு மூடிய கையையும் உயர்த்த வேண்டும் என்பதையும் எழுதியிருந்தேன்.

கறுப்பி ஒரு பிழையும் இல்லாமல் முடித்தாள். கம்புகளில் மெதுவாகத்தான் போனாள், அதை மறைக்கவில்லை. அடுத்து வந்தது ஓர் அல்சேஷன். அதன் சொந்தக்காரர்தான் பரிசுக்கு அன்பளிப்புச் செய்தவர். அழகான, பலமான நாய், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கூரைப் பலகையின் உச்சியிலிருந்து நேரே நிலத்துக்குப் பாய்ந்தது. கடைசித் தடியையும் தட்டிவிட்டது. நடுவர் இரண்டு முறை கையை உயர்த்தியதைத் திடலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். பத்துப் பிழைப்புள்ளி. முதற்பரிசு அதற்குத்தான்.

கேட்டேன். “ரீச்சர், சனம் நேரத்தைத்தானே பார்க்கிறது” என்றார் செயலாளர்.

சனம் நேரத்தைத்தான் பார்க்கும். நாம் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவர்கள், முன்னுக்கு வந்த சோடிக்குத்தான் கைதட்டிப் பழகினோம். அதனால்தான் விதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். தன் நாய் தோற்றதற்காக ரீச்சர் கொதிக்கிறாள் என்று எழுதப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பரிசு ஒரு சுவர்க்கடிகாரம், என் வீட்டில் கடிகாரம் இருக்கிறது. கால் முறியாமல் இறங்கப் பழக்கிய நாயும், உச்சியிலிருந்து பாயவிட்ட நாயும் ஒன்றுதான் என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“வன்னியில் மனிதருக்கு இருக்கிற கஷ்டத்தில் நாய்க்கு விளையாட்டா?” என்று கேட்பவர்களும் வருவார்கள். 2008இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தது, பிறகு காணவில்லை. திரும்பி வந்து ஒரு நாயை ஒழுங்காக வளர்ப்பது எனக்கு வீண்வேலையாகத் தெரியவில்லை.

கறுப்பி முறிகண்டியில் கச்சான் கடைகளுக்குப் பின்னால் உரப்பையில் கிடந்தவள். பையில் இருந்தவை எல்லாம் பெட்டைக்குட்டிகள். கடுவன்களை யாரோ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டி எறிந்திருக்கிறார்கள். ஏ9 வீதியோரத்தில் இது இன்னும் நடக்கிறது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. நல்லது. ஆனால் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விக்க ஒரு நாளை ஒதுக்க மாட்டோம், குட்டிகளை இரவில் கொண்டுபோய்க் கோவில் வாசலில் போடுவோம், பிறகு நாய்த் தொல்லை என்று பிரதேச சபைக்கு மனுக் கொடுப்போம். நீங்கள் வளர்ப்பது பெட்டையா கடுவனா என்று எழுதவில்லை. பெட்டையானால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி எதுவானாலும் வருடாவருடம் வேண்டும்.

வயதையும் நீங்கள் எழுதவில்லை. பிரித்தானியப் போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாய் ஓட முடியாது, எலும்பு முற்ற வேண்டும். அதுவரை தடியை நிலத்தில் கிடத்தியே பழக்குங்கள். இறங்கும் பலகையின் அடியில் நிற்பதை அந்த வயதிலும் மெதுவாகப் பழக்கலாம். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், எங்கள் மணல் அதற்குப் பிறகு பாதத்தைச் சுடும். முழு உயரத்துக்கு வந்தபின் தோளை அளந்து பாருங்கள். 43 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் தடியை 50இல் வைக்கலாம். பைப் வாங்கும்போது மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், தட்டினால் விழ வேண்டும். தடியைத் தாங்கிகளில் சும்மா வையுங்கள், கட்டிவிடாதீர்கள்.