சந்தா நின்றால் பாட்டும் போய்விடுமா?

கேள்வி: ஒரு இசைச் செயலிக்கு மாதச் சந்தா கட்டி வந்தேன். பிடித்த பாட்டுகளை எல்லாம் போனில் டவுன்லோட் செய்து வைத்திருந்தேன். சந்தாவை நிறுத்தியதும் எதுவும் ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கியதுதானே, புகார் செய்யலாமா? கட்டிய பணம் பாடியவருக்காவது போய்ச் சேர்ந்ததா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: புகார் நிற்காது. நீங்கள் பாட்டை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தீர்கள். போனில் இறங்கிய கோப்பை அந்தச் செயலி மட்டும்தான் திறக்கும், அதுவும் சந்தா இருக்கும்வரை. ஆனால் நிறுத்திய பிறகும் பணம் பிடித்தால் விடாதீர்கள். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே நாகஸ்வரக் கலைஞரை மட்டும் நீங்கள் கேட்டிருந்தாலும் உங்கள் பணம் நேராக அவருக்குப் போகாது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் எல்லாருடைய சந்தாவும் ஒரே உண்டியலில் விழும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். மீதி, எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கில் உரிமையாளர்களுக்குப் பிரியும். சினிமாப் பாட்டு என்றால் அந்த உரிமையாளர் பெரும்பாலும் ஆடியோ நிறுவனம்தான். பாடியவருக்கு எவ்வளவு என்பது அவருடைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் ராயல்டியில் உரிமை கொடுத்தது. அந்த உரிமையை ஆடியோ நிறுவனம் அவர்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. சிறு கலைஞர்கள் பாடுதான் மோசம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் 1,000 முறைகூட ஓடாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பணமே கிடையாது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? புதுப் பாட்டுகளை ஒருமுறை கேட்டுப் பார்க்க, விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவையே போதும். திரும்பத் திரும்பக் கேட்கிற சுயாதீனக் கலைஞர் யாராவது இருந்தால், கலைஞர்களே ரசிகர்களுக்குப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அங்கே ஆல்பத்துக்குத் தளம் எடுப்பது 15 சதவீதம். பணம் அனுப்பும் கட்டணம் போக மீதி கலைஞர் பக்கம் போகும். எம்பி3 கோப்பு உங்களிடமே இருக்கும், எந்தக் கருவியிலும் ஓடும். கச்சேரி வாசலில் சிடி விற்றால் அதுவும் நல்ல வழி.

அப்புறம் ஒன்று: ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவராக இருந்தால் 'லாஸ்லெஸ்' (சுருக்கினாலும் ஒலித்தரம் துளியும் குறையாதது) என்று சொல்லி விற்கும் விலை கூடிய திட்டம் வேண்டாம். பெரும்பாலான ப்ளூடூத் கருவிகள் தரம் குறையும்படி ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன.