மறதியும் முற்றத்து நடையும்

கேள்வி: 74 வயதான என் அம்மாவுக்கு இலேசான அறிதிறன் குறைபாடு (வயதுக்கு மீறிய மறதி, ஆனால் மறதிநோய் அல்ல) இருப்பதாக வைத்தியர் கூறுகிறார். உடலசைவுப் பயிற்சி நினைவாற்றலுக்கு உதவுமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: உதவக்கூடும், ஆனால் இழந்த நினைவை மீட்டுத் தரும் மருந்தாக அதைக் கருத வேண்டாம். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓராண்டு நடைப்பயிற்சி பெற்ற முதியவர்களின் மூளையில், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்திருந்தது. அவர்கள் மறதிநோய் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெறும் நடையைவிட, முற்றத்தில் நடந்தபடியே ஒடியல் கூழுக்குச் சேர்ப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லவைப்பது போன்ற, உடலும் சிந்தனையும் சேர்ந்து உழைக்கும் பயிற்சியையே நான் விரும்புவேன். (எதைச் சொல்லாமல் விட்டார் என்று வாதாட வேண்டாம்.) தடுமாறினால் பேச்சை நிறுத்தி, கதிரையைப் பிடித்து நிற்கச் செய்யுங்கள். ஈரமான கிணற்றடிப் பக்கம் வேண்டவே வேண்டாம். தொடங்குமுன் இதயம், இரத்த அழுத்தம் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.