அதே மாத்திரை, வேறு கம்பெனி: வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. போன வருஷம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். அன்றிலிருந்து தினமும் காலையில் மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 50 சாப்பிடுகிறார். இந்த மாதம் மருந்துக்கடையில் "இதுவும் அதேதான், விலை பாதி" என்று வேறு கம்பெனி அட்டையைத் தந்தார்கள். வாங்கலாமா? பிரஷர் 120/80க்கு வந்துவிட்டதே, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்றும் அப்பா கேட்கிறார்.

பதில்: தாராளமாக வாங்கலாம், மக்கள் மருந்தகத்திலும் வாங்கலாம். ஆனால் கடையிலேயே அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள். மெட்டோப்ரோலால் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு உப்புகளாக, அதாவது இரண்டு வேதி வடிவங்களில் வருகிறது. அப்பா சாப்பிடுவது சக்சினேட். மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும். டார்ட்ரேட் பெரும்பாலும் சாதாரண மாத்திரை, இரண்டு வேளை சாப்பிட வேண்டியது. அதை வாங்கி ஒரே வேளை சாப்பிட்டால் ராத்திரிக்குள் பலம் குறைந்துவிடும்.

'மெட்டோப்ரோலால் சக்சினேட் 47.5 மி.கி., டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலில் இருப்பதுதான் உள்ளே உள்ள மருந்து. பெயரோடு, மெல்லக் கரையும் மாத்திரை என்பதைக் காட்டும் எக்ஸ்எல், இஆர் போன்ற எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த 120/80 மாத்திரை சாப்பிடுவதால் வந்தது. மெட்டோப்ரோலால் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து. அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரட்டாமல் இது தடுக்கிறது. துடிப்பு நிதானமாகிறது, இதயத்தின் ஆக்சிஜன் தேவை குறைகிறது. சிறுநீரகத்தில், பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் சுரப்பும் குறைவதால் பிரஷர் இறங்குகிறது. மாதக்கணக்கில் தடுத்து வைத்த பிறகு, இதயம் அட்ரினலினுக்கு முன்பைவிட வேகமாகத் துள்ளும். திடீரென்று விட்டால் படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். குறைக்க வேண்டுமானால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

அப்பாவுக்குச் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை போன்ற அறிகுறிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பாதி அட்டை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையிலேயே நின்றுவிடும். முழு அட்டையாக, பில்லோடு, கடைசி ஐந்து மாத்திரை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.