பெட்ரோல் செலவைவிட உங்கள் கார்டு வட்டி பெரியது

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர். கைக்கு வரும் சம்பளம் ரூ.62,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு ரூ.14,000. 2017-இல் வாங்கிய பெட்ரோல் கார் இருக்கிறது. மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோலுக்கு ரூ.6,000 ஆகிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், "அப்பா, நம்ம கார் காற்றைக் கெடுக்குது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எலெக்ட்ரிக் காருக்கு மாறலாம் என்று ஷோரூமுக்குப் போனேன். பழைய காரை எடுத்துக்கொண்டு மீதி ரூ.10 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வருமான வரியிலும் சலுகை உண்டாம்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு மே மாதமும் மனைவி வீட்டாரோடு 11 பேர் சுற்றுலா போவோம். புக்கிங் எல்லாம் என் கிரெடிட் கார்டில்தான். மற்றவர்கள் பிறகு பங்கு தருவார்கள், மனைவியின் அண்ணன் மட்டும் தருவதில்லை. போன வருடம் கொடைக்கானல் காட்டேஜ் என்று மனைவியின் அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் எண்ணுக்கு ரூ.18,000 அட்வான்ஸ் போட்டோம். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு காட்டேஜே இல்லை. இந்த வருடம் ஊட்டி. "இனிமேல் ஏமாற வேண்டாம், ஹாலிடே கிளப்பில் சேர்ந்துவிடுங்கள்" என்கிறார் அவர். பணம் கட்டிச் சேர்ந்தால் வருடாவருடம் சில நாள் அவர்கள் விடுதிகளில் தங்கலாமாம். ரூ.3.6 லட்சம், 25 வருடம், ஆண்டுப் பராமரிப்பு ரூ.18,000. இஎம்ஐ உண்டு. கார்டில் இப்போது ரூ.1,84,000 பாக்கி இருக்கிறது, ஆனால் பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூவைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். காரை மாற்றலாமா? கிளப்பில் சேரலாமா?

பதில்: கார், கிளப் இரண்டையும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில், பெருமையாகச் சொல்வதுபோல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மினிமம் டியூவைத் தவறாமல் கட்டுகிறேன் என்று. எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்டேட்மென்ட்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது. ரூ.1,84,000-க்கு அது ரூ.6,440. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய ரூ.1,160. ஆக மாதம் ரூ.7,600. பெட்ரோலுக்கு ரூ.6,000 போகிறதே என்று ஷோரூம் வரை போயிருக்கிறீர்கள். அதைவிட ரூ.1,600 கூடுதலாக, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், கார்டு வட்டியாகப் போகிறது. நீங்கள் மாதம் கட்டுவது சுமார் ரூ.9,500. அதில் அசலில் கழிவது ரூ.1,900. அடுத்த வாரமே மளிகைக்கும் மருந்துக்கும் அதே கார்டைத் தேய்க்கிறீர்கள், அந்த ரூ.1,900-மும் திரும்ப ஏறிவிடுகிறது. பாக்கி வைத்திருக்கும்போது புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இரண்டு வருட ஸ்டேட்மென்ட்டையும் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மே மாதச் சுற்றுலாக்களுக்கு மட்டும் கார்டில் ரூ.1,72,000 போயிருக்கிறது. மற்றவர்கள் உங்களுக்குத் திருப்பித் தந்தது ரூ.58,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ரூ.58,000 எந்த மாதத்திலும் கார்டுக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுச் செலவில் கரைந்திருக்கிறது. மச்சான் பணம் தராதது ஒரு பங்கு குறைதான். தந்த பணத்தையும் கார்டில் கட்டாமல் மினிமம் டியூவோடு நிறுத்திக்கொண்டது உங்கள் பழக்கம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் மாற்றவேண்டியது இது ஒன்றுதான்.

என்ன செய்யலாம்? சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ரூ.1,84,000-க்குத் தனிநபர் கடன் கேளுங்கள். உங்கள் சம்பளத்துக்கு 13 சதவீதத்தில் கிடைத்தால், இரண்டு வருடத்துக்கு மாதம் சுமார் ரூ.8,750. இப்போது கட்டுவதைவிடக் குறைவு. மொத்த வட்டியே ரூ.26,000 பக்கம்தான், கார்டில் நான்கு மாதத்துக்குள் அவ்வளவு கொடுத்துவிடுகிறீர்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நகை இருந்தால் நகைக்கடன் வட்டி இன்னும் குறையலாம். ஆனால் ஒழுங்காக மாதாமாதம் அசலைக் கட்டாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை, வட்டியை மட்டும் கட்டி வருடக்கணக்கில் தள்ளிவிடுவார்கள்.

கடன் கிடைத்ததும் கார்டை முழுதாக அடையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு சின்ன பில் வரும், பயந்துவிடாதீர்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் அடைத்த தேதிக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டி பூஜ்யம் ஆக்குங்கள். அப்புறம் கார்டை பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு, ஆறே மாதத்தில் கார்டையும் திரும்ப நிரப்பி இரண்டு கடனோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இனி காருக்கு வருவோம். மாதம் 900 கிலோமீட்டருக்கு எலெக்ட்ரிக் கார் சுமார் 150 யூனிட் மின்சாரம் எடுக்கும். வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 300 யூனிட் கூடுதலாக ஏறி மொத்தம் 500-ஐத் தாண்டினால் உயர்ந்த விலைப்படிக்குப் போய்விடுவீர்கள், அதனால் யூனிட்டுக்கு ரூ.9 என்றே போடுகிறேன். மாதம் ரூ.1,350. சர்வீஸ் செலவிலும் கொஞ்சம் மிச்சம். எல்லாம் சேர்த்து நீங்கள் மிச்சம் பிடிப்பது ரூ.5,200. பத்து லட்சம் கடனுக்கு இஎம்ஐ ரூ.16,300. ஆக மாதம் ரூ.11,000 கைநஷ்டம், ஏழு வருடத்துக்கு. கூடுதல் இன்ஷூரன்ஸை நான் சேர்க்கவே இல்லை.

வருமான வரிச் சலுகை என்று ஷோரூமில் சொன்னது, எலெக்ட்ரிக் வண்டிக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு தரும் 80இஇபி பிரிவாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்குத்தான் அது. இன்று வாங்கும் கடனுக்குக் கிடையாது. இது தெரியாமல் சொன்னார்களா தெரிந்தே சொன்னார்களா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் அதை நம்பி யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

எலெக்ட்ரிக் காருக்கு நான் எதிரி இல்லை. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் இதே கணக்கில் எரிபொருளில் மட்டும் ரூ.13,000 மிச்சமாகும், கையில் பாதிப் பணமும் இருந்தால் நானே வாங்கச் சொல்வேன். உங்கள் 900 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கு வராது.

மகள் சொல்வதை ஒதுக்க வேண்டாம், அவள் சொல்வது சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 60 லிட்டர், 138 கிலோ. இதைக் குறைக்கப் புதுக் கார் வேண்டாம். வீட்டில் 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் போகும் அலுவலகப் பயணத்திலும் பக்கத்துத் தெருக் கடைக்கும் அதை எடுத்து, மாதம் 300 கிலோமீட்டரைக் காரிலிருந்து மாற்றுங்கள். குறிப்பாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய்வரும் ஓட்டம்தான் காருக்கு மோசமானது, என்ஜின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும், அதுவரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். இந்த மாற்றத்தில் மட்டும் ரூ.1,300 மிச்சம்.

மீதி 600 கிலோமீட்டருக்கு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில், டயர் சூடாகும் முன் காற்றுப் பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், காசு கேட்டால் தர வேண்டியதில்லை. போன சுற்றுலாவுக்கு மாட்டிய கேரியர் இன்னும் மேலே இருந்தால் கழற்றுங்கள். பைபாஸில் 100-இல் போவதை 80-க்குக் குறையுங்கள். புஷ்பா ரவுண்டானா நெரிசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பது தெரிந்தால் என்ஜினை அணையுங்கள். இவற்றில் இன்னொரு 4 லிட்டர், ரூ.400 குறையும். மொத்தத்தில் மாதம் 17 லிட்டர், கிட்டத்தட்ட 40 கிலோ கரியமில வாயு. மகளையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று யாராவது நியூட்ரலில் ஓட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குன்னூர் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் வண்டியில் இருக்கும் அத்தனை உயிருக்கும் ஆபத்து. மிச்சமும் கிடையாது. உங்கள் கார் மாதிரி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் செலவாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஹாலிடே கிளப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆண்டுப் பராமரிப்பு ரூ.18,000 என்கிறார்கள். நாளுக்கு ரூ.3,000 வாடகையில் இரண்டு அறை, மூன்று இரவு, அந்தப் பணத்திலேயே எடுத்துவிடலாம். அப்படியானால் ரூ.3.6 லட்சம் எதற்கு? பராமரிப்புத் தொகை வருடாவருடம் ஏறும், மே மாதத்தில் நீங்கள் கேட்கும் தேதியில் அறை காலியாக இருக்க வேண்டும், நடுவில் விலக நினைத்தால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது. "வட்டியில்லா இஎம்ஐ" என்று சொன்னால், அப்படி ஒன்று இல்லை என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். வேண்டாம்.

கொடைக்கானலில் ஏமாந்ததற்கு மருந்து கிளப் அல்ல, பணம் அனுப்பும் விதத்தை மாற்றுவது. வாட்ஸ்அப்பில் வந்த எண், தேடும்போது முதலில் வந்து நின்ற எண், இவற்றுக்கு நேராகப் பணம் போடாதீர்கள். விடுதியின் பெயரை மேப்பில் தேடி, அங்கே பல வருடங்களாகப் பலர் போட்ட படங்களும் கருத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீடியோ காலில் வாசல் பெயர்ப்பலகையிலிருந்து அறை வரை காட்டச் சொல்லுங்கள். உண்மையான விடுதிக்காரர் சலித்துக்கொண்டாவது காட்டுவார், மோசடிக்காரர் சாக்குச் சொல்வார். யுபிஐ-யில் பணம் போகும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சிறிய காட்டேஜ்களில் உரிமையாளர் பெயரே வரலாம், அது தப்பில்லை. ஆனால் கேட்டதற்கு ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் நிறுத்திவிடுங்கள். முதல்நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம், மீதி ரிசப்ஷனில். ஊட்டியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வேண்டும். அது இலவசம். "பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கும் தளங்களில் ஆதார், வண்டி எண்ணைக் கொட்டாதீர்கள், அரசுத் தளத்தில் நீங்களே எடுங்கள். இரண்டு கார் வேண்டாமே என்று தோன்றினால், அரசுப் பேருந்திலோ மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலிலோ போனால் பாஸும் தேவையில்லை, புகையும் குறைவு. ரயிலுக்கு 60 நாள் முன்பே ஐஆர்சிடிசி-யில் முன்பதிவு திறக்கும், மே மாத இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

போன ரூ.18,000-க்கு இதுவரை புகார் செய்யவில்லை என்றால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் இப்போதாவது பதியுங்கள். பணம் திரும்பும் என்று எண்ணாதீர்கள், வருடம் ஆகப்போகிறது. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை நடுவில் நிறுத்திவைக்க நல்ல வாய்ப்பு. அதை இனி எல்லோர் போனிலும் சேமித்துவையுங்கள். "உங்கள் கொடைக்கானல் பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் அது இரண்டாவது மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

கடைசியாக உங்கள் மச்சான். சண்டை வேண்டாம், பழைய பாக்கியை இப்போது கிளறவும் வேண்டாம். மனைவியும் நீங்களும் சேர்ந்து குடும்ப குரூப்பில் ஒரே செய்தி போடுங்கள்: "இந்த வருடம் எங்கள் கார்டு இல்லை. ஆளுக்கு இவ்வளவு. மார்ச் 15-க்குள் அண்ணியின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். வந்த பணத்துக்கு அறை போடுவோம்." கவனியுங்கள், அண்ணியின் கணக்கு, உங்களுடையது அல்ல. மச்சான் மனைவி கையில் வசூல் இருந்தால் மச்சானிடம் கேட்கிற வேலையும் அவருடையது. பதினொரு பேரில் ஏழு பேர் பங்குதான் வந்தது என்றால் ஏழு பேருக்கு அறை போடச் சொல்லுங்கள்.