வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் படபடப்பு அடங்க மாட்டேன் என்கிறது. உடம்பை எப்படி அமைதிப்படுத்துவது?

நான் ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். கேள்வியைப் படித்தால் நீங்களும் ஷிப்ட் வேலைக்காரர் என்றே தோன்றுகிறது. இல்லையென்றாலும் இது உங்களுக்கு உதவும்.

'மனசை அமைதியா வச்சுக்கோ' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மனசு சொல்லி உடம்பு கேட்காது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் நெஞ்சை அழுத்தி, அவர் மீண்ட பிறகு நோட்ஸ் எழுத உட்கார்ந்தால் பேனா பிடித்த விரல் ஆடும். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களில் அட்ரினலின் சில நிமிடங்களில் இறங்கிவிடும். இன்னொன்றான கார்டிசால் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அந்த நடுக்கம் கோழைத்தனம் இல்லை.

அப்படி ஓர் இரவில் ஆக்ஸிமீட்டரை என் விரலிலேயே மாட்டினேன். துடிப்பு 118. நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விட்டேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. விடாமல் செய்ய, எண் சிறுகச் சிறுக இறங்கியது. 90ஐத் தொட்ட பிறகு, இழுக்கும்போது கொஞ்சம் ஏறுவதும் விடும்போது இறங்குவதும் திரையிலேயே தெரிந்தது. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் போடுகிறது. திருமந்திரத்திலும் இழுக்க 16 மாத்திரை (கண் இமைக்கும் நேர அளவு), விட 32 மாத்திரை என்று அதே இரு மடங்குக் கணக்குதான். நடுவில் மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் 64 மாத்திரைக் கும்பகத்தை மட்டும் குருவில்லாமல் தொடாதீர்கள். படபடப்பில் மூச்சை அடக்கினால் இன்னும் பதறும்.

'எல்லாத்துக்கும் மூச்சுப் பயிற்சியா?' என்று கேட்கக் கிளம்புபவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. படபடப்பு தொடர்ந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. பாருங்கள். என்னோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு எல்லோரும் 'டென்ஷன்தான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 7, ரத்தசோகை. பெண்கள் நெஞ்சு படபடக்கிறது என்றாலே ஏன் இந்த அலட்சியம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் இருந்த மருத்துவமனையில் மன அழுத்தத்தைக் குறைக்க வகுப்பு வைத்தார்கள், நைட் டியூட்டி முடித்து ஹேண்டோவர் கொடுத்த கையோடு. வராவிட்டால் ஆப்சென்ட். வென்டிலேட்டர் நோயாளிகள் மூன்று பேரை ஒரே ஆளாகப் பார்த்துவிட்டு வந்தவளுக்குத் தேவை வீட்டுக்குப் போகும் பஸ். அந்த வகுப்புக்கான செலவில் இன்னொரு நர்ஸைப் போட்டிருந்தால் பாதிப் படபடப்பு வந்தே இருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஷிப்டின் பிற்பாதியில் காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். வந்ததும் படுக்காதீர்கள். குளித்து, கொஞ்சம் சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, அதன் பிறகு மூச்சை நீட்டி விட்டுக்கொண்டே படுங்கள்.