ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்?

கேள்வி: வாலிபாலில் அவுட்சைடு ஹிட்டர், லெஃப்ட் சைடு, நாலாம் நம்பர் என்கிறார்களே, மூன்று பேரா?

பதில்: ஒரே ஆள்தான். வலையோரம் இடது மூலைக்கு எண் 4, அவர் பெரும்பாலும் அங்கிருந்து அடிப்பதால் அந்தப் பெயர்களெல்லாம் அவருக்கே ஒட்டிக்கொண்டன. குழப்பம் எங்கே என்றால், எண் நிற்கிற இடத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. சர்வீஸ் எதிரணியிடமிருந்து தம் அணிக்கு வரும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் ஓரிடம் நகரும் சுழற்சியில் அவரே 3, 2, 1 என்று நகர்ந்துகொண்டே இருப்பார். அப்புறம் 'ஆப்போசிட்': எதிரணிக்காரர் என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்! சுழற்சி வரிசையில் செட்டருக்கு (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நேர் எதிர்மூலையில் நிற்பவர், அவ்வளவுதான். இவருக்கே ரைட் சைடு என்றும் பெயர். 1998-இல் வந்த லிபெரோவுக்கு (பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரர்) இத்தாலிய மொழியில் 'சுதந்திரமானவர்' என்று பொருள், ஆனால் பாவம், பிளாக் செய்யக்கூட (வலையோரம் எழும்பி எதிரணியின் அடியைத் தடுக்க) அவருக்கு அனுமதி இல்லை.